வடிக்கக் கூடாத சாமை

அத்தியாயம் 11

கவுஸ் பாஷாவின் வலது கண்ணை ஆஸ்பத்திரி இரண்டு தடவை திருப்பி அனுப்பிய சங்கதி கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்கு இன்னும் தெரியாது. வீட்டுக்கு மட்டும் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தது வீதிக்குத் தெரியாமல் இருப்பது அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே முதல் முறை என்பதால், குடும்பமே கொஞ்சம் பெருமையோடுதான் அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்துவந்தது.

இரண்டு கண்ணிலும் புரை, வலதில் ரொம்ப முற்றல் என்பதால் அதற்குத்தான் முதலில். காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம், அவ்வளவு சின்ன ஆபரேஷன் என்றார்கள். ஆனால் அவர் ரத்தத்தில் இருந்த சர்க்கரையைப் பார்த்த டாக்டரம்மா, "மொதல்ல இதைக் கொறச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். குறைத்துக்கொண்டு போனார்கள். அதாவது, குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு போனார்கள். முதல் தடவையைவிடக் கூடியிருந்தது.

வருகிற புதன்கிழமை மூன்றாவது தேதி. "இந்தத் தடவையும் இப்படியே வந்தீங்கன்னா புரை முத்திப்போயிடும். அப்புறம் சின்ன ஆபரேஷன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அவர் மனைவி கமர் ஜஹானுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. இறங்குவதற்கு வீட்டில் சோறும் இல்லை.

ஊருக்கே அரிசி விற்கிற வீட்டில் ஒரு மாதமாக உலை வைக்கவில்லை. மூன்று வேளையும் கோதுமை. அரிசி மண்டிக்காரர் வீட்டுக் குப்பைக்கூடையில் கோதுமை மாவு பாக்கெட்டைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, வியாபாரம் நொடித்துவிட்டதா என்று ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனாள்.

இத்தனைக்குப் பிறகும் சர்க்கரை இறங்கவில்லை என்றால், யாரோ அந்த மனிதருக்குத் திருட்டுச் சோறு போடுகிறார்கள். யார்? சமையலறை யார் கையில் இருக்கிறதோ, சந்தேகமும் அங்கேதான் போய் நிற்கும். உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் நௌஷீன் போனில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அம்மி, அல்லா மேல ஆணையா சொல்லு. அப்பாவுக்கு ஒளிச்சி ஒளிச்சி சோறு போட்றியா?"

"நான் இன்னாத்துக்குடி போடறேன்?"

"அப்பா மூஞ்ச தொங்கப்போட்டா உனக்குத் தாங்காதே. அதான் கேட்டேன்."

முப்பது வருஷமாகத் தெருமுனை வரைக்கும் மணக்கிற மாதிரி பிரியாணி ஆக்கிய கைக்குக் கடைசியில் கிடைத்த பேர், புருஷன் கண்ணைக் கெடுத்த கை. கமர் ஜஹான் போனை வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பார்வைக்குச் சோறு மாதிரி இருக்க வேண்டும், ஆனால் சோறாக இருக்கக் கூடாது. அப்படி ஒன்றைத் தன் கையாலேயே ஆக்கி அவருக்குப் போடுவது என்று தீர்மானித்தாள்.

வழி காட்டியது மருமகள் பாயிஸாவின் போன். பாயிஸா திருக்கோவிலூர்ப் பெண், கமர் ஜஹானின் மகன் சுஐபைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன வாரமே அவள் அந்த வீடியோவை மாமியாரிடம் நீட்டியிருந்தாள். ஒரு வெள்ளைக்காரம்மா, ஒரே சட்டியில் கோழியையும் பார்லியையும் போட்டு, அடுப்புப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, புத்தகம் படிக்கப் போய்விடுகிறாள். திரும்பி வந்தால் சாப்பாடு தயார்.

வியாழக்கிழமை காலை கமர் ஜஹான் அதை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோது வாய் திறந்தாள்.

"எலுமிச்சம்பழத்த இன்னாத்துக்கு வெட்டி கோழி மேல வெச்சிருக்கா? இது இன்னா புது லாரியா?"

"அது வாசனைக்கு மாமி."

"சரி. பார்லின்னா ஒண்ணுக்குக் கடுத்தா காய்ச்சிக் குடிக்கிறது. அத யாராச்சும் கோழியோட போடுவாங்களா?"

"பார்லி வேணாம் மாமி. சாமை போடலாம். அதான் அவரு மலையிலேர்ந்து வாங்கியாந்திருக்காரே."

அவரு என்பது சுஐப். அவன் முந்தின நாள், சர்க்கரைக்கு நல்லது என்று, பைக்கில் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை ஏறி, கரியாலூர்ப் பக்கம் காசிநாதன் என்பவரின் வீட்டிலிருந்து ஒரு பை சாமை வாங்கிவந்திருந்தான். மலையேறிப் போனதற்கு அடையாளமாக முழங்கையில் ஒரு சிராய்ப்பும் கொண்டுவந்திருந்தான். எந்தக் கொண்டை ஊசி வளைவில் வாங்கியது என்று கேட்டால் சாமையின் விலையைச் சொன்னான்.

"சாமையும் அளவாத்தான் போடணும்" என்றாள் பாயிஸா. "தானியம் ஒரு பங்குன்னா கோழியும் அவரைக்காயும் ரெண்டு பங்கு. ஜாஸ்தி ஆச்சுன்னா அதுவும் சக்கரையாதான் போய் நிக்கும்."

"தெரியும், தெரியும். ஒரே சட்டிதான? நானும் காலம்பூரா அதத்தான ஆக்கிகினு இருக்கேன்? பிரியாணி இன்னா பத்து சட்டியிலயா ஆவுது?"

பாயிஸா மெல்ல விரலை மடக்கினாள். "வெங்காயம் வறுக்க ஒண்ணு. கறி வேவ ஒண்ணு. அரிசிக்கு உலை ஒண்ணு. வடிக்க ஒண்ணு. தம்முக்கு மேல கனம் வெக்கறதுக்குத் தண்ணி ரொப்பி ஒண்ணு..."

"பாத்திரம் தொலக்கறவ நான்தான? நகரு" என்றாள் கமர் ஜஹான்.

கோழி அடுப்பேறியது. இஞ்சி பூண்டு வதங்கியது, புதினா விழுந்தது, தயிர் விழுந்தது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. சாமை விஷயத்தில்தான் சிக்கல். சாமை என்று கமர் ஜஹானின் காதுக்குச் சொல்லியாகிவிட்டது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

கை அதுபாட்டுக்கு சாமையை பாஸ்மதி மாதிரி ஊறவைத்தது. தனியாக உலை வைத்தது. கொதித்த உலையில் கொட்டியது. முக்கால் வேக்காடு என்று கைக்குத் தோன்றிய நேரத்தில், பிரியாணி அரிசி வடிக்கிற ஓட்டைத் தட்டை எடுத்து, தொட்டியின் மேல் பிடித்து, அப்படியே சாய்த்தது.

அந்தத் தட்டின் ஓட்டைகள் பாஸ்மதிக்கென்று போட்டவை. சாமை, ரவைக்கு அண்ணன் முறை.

"மாமி... மாமி! போவுது, போவுது!"

போய்க்கொண்டுதான் இருந்தது. கல்வராயன் மலையின் அத்தனை வளைவுகளிலும் சிந்தாமல் சிதறாமல் இறங்கிவந்த சாமை, கடைசி ஓரடியில் சாக்கடைக்குள் இறங்கியது. பாயிஸா கையைக் குறுக்கே விட்டாள். வெந்நீர் சுட்டதில் எடுத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்ததைக் கமர் ஜஹான் விடவில்லை. கோழியோடு கலந்து, மூடி போட்டு, மேலே கனம் வைத்து, பிரியாணிக்குரிய மரியாதையோடு தம் போட்டாள். திறந்தபோது உள்ளே களி இருந்தது. மழைக்காலத்து வயலில் சிக்கிய டிராக்டர் மாதிரி ஒரு கோழிக்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தார்கள்.

"அந்த மலைக்காரங்களுக்குப் போனப் போடு" என்றாள் கமர் ஜஹான்.

காசிநாதனின் மனைவி காசியம்மாள் எடுத்தாள். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், கமர் ஜஹான் வாசலில் நின்று, நேராக மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நான் கள்ளக்குறிச்சி அரிசி மண்டி பாய் வூட்லேர்ந்து பேசறேம்மா! சுஐபோட அம்மா! சாமைய கோழி போட்டு எப்படி ஆக்கறது?"

"சாமையா? நாங்க அத விக்கறதுக்குத்தாம்மா வெதைக்கறோம். வூட்ல ரேசன் அரிசிதான்."

"எப்பவாச்சும் ஆக்குவீங்க இல்ல?"

"எப்பவாச்சும் கஞ்சி வெப்போம். கஞ்சின்னா எப்படி வெச்சாலும் கஞ்சிதான? நீங்க பாய் வூட்டு ஆளுங்க, கோழி சோறு ஆக்கறதுக்கு எங்கள கேக்கறீங்களே!" மறுமுனையில் காசியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, நல்லா வந்துச்சுன்னா எப்படின்னு எங்களுக்கும் ஒரு போன் போடுங்க. பசங்க கோழி கோழின்னு உயிர எடுக்குதுங்க."

மலை கைவிட்டுவிட்டது. வெள்ளைக்காரம்மாவோ பார்லியைத் தாண்டி வர மாட்டாள். இனி கமர் ஜஹானும் சட்டியும்தான்.

"மாமி, ஒண்ணு சொல்லட்டுமா?" பாயிஸா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்தம்மா எதையுமே வடிக்கல."

"வடிக்கலன்னா தண்ணி எங்க போவும்?"

"தானியத்துக்குள்ளயே போவும். அதனாலதான் ஒரே சட்டி."

வடிக்கிற சமையலில் தண்ணீர் ஜாஸ்தியானால் கவலையில்லை, கொட்டிவிடலாம். வடிக்காத சமையலில் ஊற்றியது ஊற்றியதுதான். முப்பது வருஷத்தில் அவள் ஒருநாளும் உலைத் தண்ணீரை அளந்ததில்லை. அளக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இப்போது புதுப்பெண் மாதிரி ஒரு டம்ளரைக் கையில் எடுத்து விரலால் அளவு பார்த்தாள். மருமகள் பார்த்துவிடாமல் திரும்பி நின்றுகொண்டாள்.

இரண்டாவது தடவை அகலமான கடாயை எடுத்தாள். முதலில் பையில் மிச்சமிருந்த சாமையில் ஒரு டம்ளரை மட்டும், எண்ணெய் இல்லாமல், வாசனை வருகிறவரைக்கும் வறுத்து ஒரு தட்டில் கொட்டிவைத்தாள். "வறுத்தா ஒட்டாது. ரவைக்கு அப்படித்தான?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதே கடாயில் கொஞ்சம் எண்ணெய். மிச்சமிருந்த கோழியைத் தோல் பக்கம் கீழே வைத்துச் சிவக்கவிட்டாள். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், அவரைக்காய், ஒரு கை புதினா. வறுத்த சாமையை மேலே தூவினாள். ஒரு டம்ளருக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர் விட்டாள். கால் டம்ளர் விடுவதா வேண்டாமா என்று நின்றது மட்டும் ஒரு நிமிஷம் இருக்கும்.

மூடி போட்டாள். தீயைக் குறைத்தாள். வெள்ளைக்காரம்மாவுக்குப் புத்தகம் படிக்கிற நேரம் இது. இவர்கள் இரண்டு பேரும் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாமி, கோச்சுக்காதீங்க. நீங்கதான் மாமாவுக்கு சோறு போடறீங்கன்னு நானும் நெனச்சேன்."

"நான் நீதான்னு நெனச்சேன்."

"நானா?"

"நீ காலையில அவருக்கு ஜூஸு போட்டுக் குடுக்கற இல்ல? அதுல இன்னாத்தையோ கரைக்கறன்னு."

"அது பாவக்கா ஜூஸு மாமி!"

"அது எனக்கு இன்னா தெரியும்? அவரு குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லலியே. பாவக்கான்னா கத்துவாரே." சொல்லிவிட்டுக் கமர் ஜஹான் நின்றாள். பாகற்காய் ஜூஸைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாத கவுஸ் பாஷா. அந்த மனிதரிடம் ஏதோ இருக்கிறது. எதையோ மறைக்கிற ஆள்தான் இவ்வளவு சாதுவாக இருப்பான்.

"பிஸ்மில்லாஹ்" என்று மூடியைத் தூக்கினாள்.

ஆவி போனபின் எட்டிப் பார்த்தாள். சாமை மணிமணியாக நின்றது. தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் காட்ட முடியாத மாதிரி எங்கேயோ போய்விட்டிருந்தது. கோழியின் கொழுப்பும் புதினாவும் ஒவ்வொரு மணிக்குள்ளும் இறங்கியிருந்தன. கரண்டி நுனியில் எடுத்து பாயிஸாவின் உள்ளங்கையில் வைத்தாள். பாயிஸா வாயில் போட்டாள். கண்ணை அகல விரித்தாள்.

"மாமி, வந்துடுச்சு."

"உப்பு?"

"இருக்கு மாமி, எல்லாம் இருக்கு!"

மத்தியானச் சாப்பாடு எப்போதும் டிபன் கேரியரில் மண்டிக்குப் போகும். சப்பாத்தி போகும், கேரியர் காலியாகத் திரும்பும், வீட்டில் எல்லோரும் அதை நல்ல அறிகுறி என்று நினைப்பார்கள். இன்றைக்கு கமர் ஜஹான் கேரியரைத் தொடவில்லை. அந்த மனிதர் முதல் வாய் வைக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். கடாயை மூடியோடு துண்டில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். பக்கத்தில் தட்டுகளும் கரண்டியுமாக பாயிஸா. ஆட்டோவில் இருந்த மற்ற நான்கு பேரும் இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்க யோசித்தார்கள்.

மண்டி வாசலில் எடை போடுகிற சின்னக்கண்ணு நின்றிருந்தார். கவுஸ் பாஷாவிடம் இருபது வருஷமாக இருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். கமர் ஜஹானைக் கண்டதும், மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் இருக்கிற அறையைப் பார்த்து, ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பது போலக் குரல் கொடுத்தார்.

"பாயம்மா வந்திருக்காங்கோ! பாயம்மா! வூட்லேர்ந்து!"

"எனக்குக் காது கேக்குது சின்னக்கண்ணு. யாருக்கு சொல்றீங்க?"

"சும்மா, ஒரு மரியாதைக்கும்மா."

கமர் ஜஹான் மூட்டைகளுக்கு நடுவே நடந்தாள். பின்னறைக் கதவைத் தோளால் தள்ளினாள்.

ஒரு கரண்ட் அடுப்பு. அதைச் சுற்றி மூன்று குட்டிப் பாத்திரங்கள், மூன்றிலும் வெள்ளை வெளேரென்று சோறு. நடுவில், தரையில் சம்மணம் போட்டு, மடியில் தட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த சிரத்தையோடு மென்றுகொண்டிருந்தார் கவுஸ் பாஷா. சின்னக்கண்ணுவின் குரல் அவருக்குக் கேட்டிருந்தது. ஆனால் வாய் நிறைய இருந்தது.

"இன்னாங்க இது?"

அவர் விழுங்கினார். "சாம்பிளு."

"சாப்ட்டுகினு இருக்கீங்க."

"சாப்பிடல கமரு. பாத்துகினு இருக்கேன்."

"வாயாலயா?"

"வர்ற அரிசிய ஆக்கிப் பாத்துத்தான வாங்கணும்? மண்டின்னா எல்லா எடத்துலயும் பண்றதுதான். இது சாப்பாடு இல்ல, வியாபாரம்."

பாயிஸா குனிந்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். "இந்த மீன் கொழம்பும் சாம்பிளா மாமா?"

"வெறும் சோறு எறங்காதுங்களே" என்றார் கதவோரம் வந்து நின்ற சின்னக்கண்ணு. முதலாளிக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். "மின்ன எல்லாம் ஒரு வாய் வெச்சிட்டு துப்பிடுவாருங்க. இப்பதான் ஒரு லோடுக்கு ஒரு தட்டு ஆவுது. கேரியர் சப்பாத்தி எனக்கு வந்துடுது."

"ஒரு நாளைக்கு எத்தினி லோடு?"

சின்னக்கண்ணுவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கூரையைப் பார்த்தார்.

கமர் ஜஹான் கடாயைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கவுஸ் பாஷாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் பொண்ணே போன்ல என்னைத் திருடி மாதிரி கேக்கறா. வயித்துல பொறந்தது. நீங்களும் பக்கத்துல உக்காந்து சப்பாத்தி பிச்சிப் போட்டுகினு கேட்டுகினுதான இருந்தீங்க?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் நீட்டினார்.

"இப்படிப் புடிச்சா எனக்குத் தெரியும் கமரு. பழசா, புதுசா, எந்த மில்லுல தீட்டினான், எவ்ளோ நொய்யின்னு. வாசல்ல நின்னுகினே சொல்லுவேன். இப்ப கையில பால ஊத்தின மாதிரி இருக்குது. எல்லாம் ஒரே வெள்ளை." கையை மூடிக்கொண்டார். "கண்ணு பாக்கலன்னா நாக்கால பாக்கணும். நாக்குக்கும் வயசாயிடுச்சு, ஒரு வாய்ல புடிபடல. அதான் ஒரு தட்டு. வெளிய தெரிஞ்சா எவன் மதிப்பான்? கண்ணு தெரியாத அரிசிக்காரன்னு ஆளாளுக்கு மண்ணக் கலந்து தள்ளிட்டுப் போவான்."

பாயிஸா மெதுவாக, தனக்கே விளக்கிக்கொள்வது மாதிரி சொன்னாள்: "கண்ணு தெரியலன்னு சோறு சாப்பிடறீங்க. சோறு சாப்பிடறதால சக்கரை ஏறுது. சக்கரை ஏறுனதால ஆபரேஷன் இல்ல. ஆபரேஷன் இல்லாததால கண்ணு தெரியல. கண்ணு தெரியலன்னு..."

"இது எங்கயும் நிக்காது போலக்குதே" என்றார் சின்னக்கண்ணு.

"நிக்கும்" என்றாள் கமர் ஜஹான்.

கவுஸ் பாஷா தள்ளி வைத்த தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். துண்டை அவிழ்த்தாள். ஆவி எழுந்தது. ஒரு கரண்டி சாமை, இரண்டு துண்டு கோழி, நிறைய அவரைக்காய். வேறு தட்டில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க இத சாப்பிடுங்க. அத நான் பாக்கறேன்."

"எதை?"

"சாம்பிள. முப்பது வருஷமா உங்க மண்டி அரிசிய ஒலையில போட்டவ நான். நீங்க விக்கறதோட சரி."

கவுஸ் பாஷா முதல் வாய் வைத்தார். பழக்க தோஷத்தில் கண்ணை மூடினார். தாடை ஒரு சுற்று போய் வந்தது. கமர் ஜஹான் ஆட்டோ ஏறி வந்தது இதைப் பார்க்கத்தான். இப்போது பார்க்கத் தைரியமில்லாமல் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஈரம் கம்மி" என்றார். "உதிரி நல்லா இருக்குது. கல்லு இல்ல. மலைச் சரக்கா?"

"சாப்பிடச் சொன்னா வெல பேசறீங்க."

"இல்ல கமரு..." அவர் இன்னொரு வாய் எடுத்தார். அதை நிதானமாக மென்று முடித்தார். "நாக்கு ஒரு மாசமா வேலதான் பாத்துச்சு. இப்பதான் சாப்பிடுது. இன்னொரு கரண்டி போடு."

"சாமை போதும் மாமா" என்று பாயிஸா குறுக்கே வந்தாள். "கறி வேணா வெக்கறேன்."

அவர் மறுக்கவில்லை. கமர் ஜஹான் மூன்று பாத்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் பாத்திரத்திலிருந்து நான்கு பருக்கை எடுத்து நசுக்கினாள், வாயில் போட்டாள். "பழசு. வடிச்சா பூ மாதிரி வரும்." இரண்டாவது. "இதுவும் பரவால்ல. கொஞ்சம் நொய்யி ஜாஸ்தி." மூன்றாவதை எடுத்ததும் நிறுத்தினாள். விரலால் மறுபடி நசுக்கினாள்.

"இதுல ரெண்டு அரிசி இருக்குது."

"அது பழைய பொன்னி. ஜெயப்பிரகாஷ் கொண்டாந்தது" என்றார் கவுஸ் பாஷா.

"பாதி பொன்னி. மீதி இப்பதான் அறுத்தது. பாருங்க, இது நிக்குது, இது கொழஞ்சி போச்சு. ஒரு ஒலையில ரெண்டும் எப்படிங்க ஒண்ணா வேவும்?"

கவுஸ் பாஷாவின் கை தட்டிலேயே நின்றது. அந்தப் பாத்திரத்திலிருந்துதான் அவர் சற்றுமுன் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு, நல்ல சரக்கு என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். மீன் குழம்பு அன்றைக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

"பாய்!" வாசலில் குரல் கேட்டது. "இன்னா பாய், எறக்கலாமா? வண்டி வெயில்ல நிக்குது!"

புரோக்கர் ஜெயப்பிரகாஷ். திருக்கோவிலூர்ப் பக்கத்து மில்களிலிருந்து சரக்குப் பிடித்துக் கொடுப்பவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா, எதிலும் மை இருக்காது.

கவுஸ் பாஷா எழுந்தார். கையைக் கழுவித் துண்டில் துடைத்தார். "நாக்குல சரியில்லன்னு சொல்லி அனுப்பிடறேன். கண்ணு சமாச்சாரம் வேணாம்."

"அடுத்த லோடுக்கு இன்னா சொல்லுவீங்க?" என்றாள் கமர் ஜஹான். "அதுக்கு அடுத்த லோடுக்கு? மறுபடி ஒரு தட்டா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வெயில். உள்ளே இருட்டு. அவருக்கு இரண்டிலும் எல்லாம் ஒரே மங்கலாகத்தான் தெரிந்தது.

"வா" என்றார்.

மூட்டை வரிசையைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் போனார். தன்னுடைய நாற்காலியை இழுத்துத் துண்டால் தட்டினார். அதில் கமர் ஜஹானை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து சின்னக்கண்ணு பார்த்ததில்லை. ஜெயப்பிரகாஷும் பார்த்ததில்லை.

"இன்னா பாய், அம்மா வந்திருக்காங்க, விசேஷமா?"

"விசேஷம்தான். எனக்குக் கண்ணுல புரை ஜெயப்பிரகாஷ். வெளிச்சம் தெரியுது, அரிசி தெரியல. புதன்கெழமை ஆபரேஷன், இன்ஷா அல்லா. அது வரைக்கும் இந்த மண்டியில இவங்க சொல்றதுதான் சரக்கு."

கடைவீதிக்குத் தெரியாமல் ஒரு குடும்பமே காத்த ரகசியத்தை, அவர் நடுமண்டியில் நின்று, ஒரு புரோக்கரிடம் சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் மார்க்கெட் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் சொல்லி முடித்ததும் அவர் தோள் இறங்கி லேசானதைக் கமர் ஜஹான் பார்த்தாள். இத்தனை நாளும் இரண்டு கால்களிலும் மூட்டை கட்டிக்கொண்டு நடந்த மனிதர் இவர்.

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். "சரிதான்! அம்மா, நீங்களே சொல்லுங்க. எறக்கலாமா?"

"வேணாங்க" என்றாள் கமர் ஜஹான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பழசுல புதுசு கலந்திருக்குது. எடுத்துட்டுப் போயிடுங்க."

"இன்னாம்மா நீங்க!" ஜெயப்பிரகாஷுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வந்த அன்னைக்கே இப்படியா? போன மூணு லோடும் இதே அரிசிதான் எறக்கினேன். பாய் ஒரு வார்த்த சொல்லல. கேட்டுப் பாருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது ஜெயப்பிரகாஷின் காதிலேயே விழுந்தது.

சின்னக்கண்ணு தராசில் வைத்த கையை எடுத்தார். பாயிஸா மாமியாரைப் பார்த்தாள். போன மூன்று லோடு. அவை இந்நேரம் எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டில், எந்தெந்த உலையில் பாதி குழைந்தும் பாதி நின்றும் கொண்டிருக்கின்றனவோ. ஒவ்வொரு மூட்டையும் பழைய பொன்னி என்று கவுஸ் பாஷாவின் வாயால் சொல்லி, பழசுக்குரிய கூடுதல் விலைக்கு விற்றது.

கவுஸ் பாஷா கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஜெயப்பிரகாஷின் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்திருந்தான்.

"சின்னக்கண்ணு, ஜெயப்பிரகாஷுக்கு ஒரு சேர் போடு. கமரு, சட்டியில இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"எனக்குப் பசிக்கல பாய்" என்றார் ஜெயப்பிரகாஷ், வண்டி நிற்கிற பக்கம் ஒரு காலை நகர்த்திக்கொண்டே.

"இருக்கட்டும். அவருக்கு ஒரு தட்டு வை கமரு" என்றார் கவுஸ் பாஷா. "மூணு லோடு கணக்கு, பேசறதுக்கு நேரமாவும்."